உங்கள் மகளை மட்டும் நிறுத்தினால் போதுமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதம் எழுதியவர் தென் மாவட்டத்தைச் சேர்ந்த 43 வயதுக்காரர். சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியிலும் உறுப்பினர். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, அவருடைய 14 வயது மகள் அழுதுகொண்டே ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறாள். ஆலயப் பாடகர் குழுவில் அவளோடு பாடும் 13 வயதுத் தோழியிடம் குழுத் தலைவர் தகாத முறையில் நடந்துகொண்டார், இது ஒருமுறையோடு நிற்கவில்லை, கைப்பேசியிலும் செய்திகள் அனுப்புகிறார் என்பது அந்தச் செய்தி. தோழிக்குத் தந்தை இல்லை. தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறார்.

வாசகர் குருவானவரிடம் சொன்னார். நான்கு மூப்பர்கள் கூடிக் குழுத் தலைவரை அழைத்து விசாரித்தார்கள். அவர் அழுது, 'விழுந்துபோனேன், மன்னியுங்கள்' என்றாராம். ஜெபம் செய்தார்கள். 'தொட்டதோடு சரி, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சபையின் பெயர் கெடக் கூடாது. இது இந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும்' என்று முடித்துவிட்டார்கள். குழுத் தலைவர் இன்றும் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி தருகிறார். வாசகர் தம் மகளை மட்டும் 'பரீட்சை வருகிறது' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

குழுத் தலைவரின் அண்ணன்தான் வாசகர் வேலை செய்யும் பள்ளியின் தாளாளர். வேலை போய்விடுமோ, சபையை விட்டு விலக்கிவிடுவார்களோ, மகளின் பெயரும் சேர்ந்து அடிபடுமோ என்று அஞ்சி அவருக்குத் தூக்கமே இல்லை. 'தைரியம் தாரும் என்று தினமும் ஜெபிக்கிறேன், வரவில்லை. ஆண்பிள்ளையாக இருந்தும் நடுங்குகிறேன். என் விசுவாசம் பொய்யா? சகோதரனை வழக்கு மன்றத்துக்கு இழுப்பது வேதத்துக்கு விரோதம் இல்லையா? என் குடும்பத்தைக் காப்பதுதானே என் முதல் கடமை? பெயர் போடாமல் காவல்துறைக்குக் கடிதம் எழுதினால் போதுமா? குற்றச்சாட்டு நிரூபணமாகாவிட்டால் மானநஷ்ட வழக்கு என்மேல் வருமா?' என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு அடியில் ஓர் எண்ணம் ஓடுகிறது. புகார் செய்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதை முடிவு செய்ய உங்களுக்குத் துணிச்சல் போதவில்லை என்று நினைக்கிறீர்கள். இதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தாய், தந்தை, ஆசிரியர், குருவானவர், மூப்பர் யாருக்கும் விலக்கில்லை. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இப்படித் தெரிவிக்காமல் இருப்பது சாதாரணத் தவறல்ல, கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஒரு மகாராஷ்டிர வழக்கில் அழுத்தமாகச் சொன்னது.

ஆக, புகார் செய்வதா என்ற கேள்விக்குச் சட்டமே விடை சொல்லிவிட்டது. எப்படி, எந்த ஒழுங்கில் செய்வது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பாரத்தில் பாதி இதிலேயே இறங்க வேண்டும்.

'கண்ணால் பார்க்கவில்லையே, மகள் சொல்லித்தானே தெரியும்' என்று நீங்கள் தயங்கலாம். நேரில் பார்த்தவர்தான் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. உங்களுக்குத் தெரியவந்ததைச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை. வருத்தப்படாமல் இன்னொன்றையும் கேளுங்கள். அந்தப் பெண் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். நம்பாதிருந்தால் உங்கள் மகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தியிருக்க மாட்டீர்கள். நாளை யாராவது 'எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது' என்று உங்களைச் சொல்லச் சொன்னால், அந்தச் செயலே உங்களுக்கு எதிராகப் பேசும். சனிக்கிழமை மாலைகளில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அந்த அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தைக் காப்பது முதல் கடமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் உங்கள் வீட்டுக் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டு, அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தும் உறங்கப் போவதைக் கடமை என்று சொல்ல முடியாது. அந்த உறக்கம் உங்களுக்கு வரவில்லை என்பதே உங்கள் மனசாட்சி உயிரோடு இருப்பதைக் காட்டுகிறது.

சகோதரனை வழக்கு மன்றத்துக்கு இழுக்கலாமா?

மூப்பர்கள் இரண்டு வேதபகுதிகளைக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று 1 கொரிந்தியர் 6, மற்றது மத்தேயு 18. இரண்டையும் முழுவதும் வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கண்டிப்பது, சபையார் தங்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதை. 'அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளுகிறதில்லை, நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை' என்ற பொருளில் அவர் கேட்பது, தனக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பற்றி. உங்கள் நிலத்தை ஒருவர் அபகரித்தால் அதைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்தை அவளுக்குப் பதிலாக நீங்களும் நான்கு மூப்பர்களும் பொறுத்துக்கொள்ள எந்த வசனமும் இடம் தரவில்லை. அதே நிருபத்தில் இதற்கு முந்தைய அதிகாரமான ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். சபைக்குள் நடந்த பாலியல் ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்காமல் விட்டிருந்ததற்காகத்தான் பவுல் அந்தச் சபையைக் கடுமையாகக் கடிந்துகொள்கிறார். ஐந்தைத் தாண்டிக் குதித்து ஆறைக் கையில் எடுப்பது நியாயமான வாசிப்பு அல்ல.

மத்தேயு 18-இல் 'உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து' என்பது பதினைந்தாம் வசனம். இங்கே குற்றம் உங்களுக்கு விரோதமாக நடக்கவில்லை. அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் கல்லைக் கட்டிச் சமுத்திரத்தின் ஆழத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்கிறது. இயேசு கோபத்தோடு பேசிய வார்த்தைகளில் இதைவிடக் கடுமையானவை குறைவு. மூப்பர்களின் கூட்டத்தில் இந்த வசனம் வாசிக்கப்பட்டதா?

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குழுத் தலைவர் உண்மையாகவே மனம் வருந்தியிருக்கலாம். கடவுள் அவரை மன்னிக்கலாம். காயப்பட்ட பெண் ஒருநாள், தன் விருப்பத்தோடு, மன்னிக்கவும் கூடும். அவள் இல்லாத அறையில், அவளைக் கேட்காமல், அவள் பெயரால் பிறர் மன்னித்தது மன்னிப்பு ஆகாது. உண்மையாக மனந்திரும்பியவர் பயிற்சி அறையின் சாவியை அன்றே திருப்பிக் கொடுத்திருப்பார். அவர் இன்னும் பிள்ளைகளோடு இருக்கிறார்.

சட்டமும் இந்த வகைச் சமரசத்தை ஏற்பதில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கு, மாணவியின் குடும்பத்தோடு ஏற்பட்ட சமரசத்தைக் காட்டி முடிக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. உங்கள் மகளின் தோழியுடைய தாயையே பேசிச் சம்மதிக்கவைத்தாலும் குற்றம் அழியாது. 'தொட்டதோடு சரி' என்பதும் தவறான நினைப்பு. பாலியல் நோக்கத்தோடு தொடுவதே போக்சோவின் 7-ஆம் பிரிவின்படி குற்றம். ஆடைக்கு மேல் தொட்டால் குற்றமில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நிராகரித்துவிட்டது. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்த நிறுவனத்திலேயே இதைச் செய்தாலும், மீண்டும் மீண்டும் செய்தாலும் கடுமை கூடுகிறது. குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. கைப்பேசிச் செய்திகள் தனிக் குற்றமாகலாம்.

மூப்பர்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. காவலரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாக நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. ஆனால் வெளியாரிடம் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாகப் பரிசீலிக்கலாம். அன்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும், அவர் சொன்னதைக் கேட்டதால் சாட்சிகள் ஆனார்கள். தெரிவிக்காமல் இருந்ததால் 21-ஆம் பிரிவின் எல்லைக்குள்ளும் வந்துவிட்டார்கள். சபையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சபையைப் பெரிய ஆபத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் புகார் செய்வது சபைக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், இதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பயம் வருவதால் விசுவாசம் பொய் என்று ஆகாது. கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டார் என்று சுவிசேஷம் மறைக்காமல் எழுதுகிறது. உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஆள் நெகேமியா. பாரசீக அரசனுக்குப் பானம் கொடுக்கும் வேலை, அரண்மனை வாழ்க்கை. எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு முகம் வாடி நிற்கிறார். அரசன் காரணம் கேட்டதும் 'மிகவும் பயந்தேன்' என்று அவரே எழுதியிருக்கிறார். பயம் தெளியும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்த இடத்திலேயே ஜெபித்தார், பேசினார். பேசியதும் வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. எத்தனை காலம் வேண்டும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் தர எந்த வனக் காவலருக்கு உத்தரவு வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார். இரண்டாம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களில் இவை இருக்கின்றன.

தைரியம் உள்ளே சுரந்து வந்த பிறகுதான் காலடி எடுத்துவைக்க வேண்டும் என்று நம்புகிற ஆண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒழுங்கு தலைகீழாகவே நடக்கிறது. கை நடுங்க நடுங்க மனுவை எழுதுவீர்கள். கொடுத்த பிறகு நடுக்கம் குறையும். 'ஆண்பிள்ளையாக இருந்தும்' என்று உங்களையே இகழ்ந்துகொள்ளாதீர்கள். தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருத்துவரிடமும் காட்டுங்கள். அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

மொட்டைக் கடிதம் ஏன் வேண்டாம்

பெயரில்லாத கடிதம் நடுவழி போலத் தோன்றும். இரண்டு பக்கமும் அது கெடுதலே செய்யும். மேற்கொண்டு விவரம் கேட்கக் காவல்துறைக்கு ஆள் இருக்காது. தகவல் எப்படியாவது கசிந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர் எச்சரிக்கையாகிச் செய்திகளை அழித்துவிடுவார். 'யார் எழுதியது' என்ற தேடல் முதலில் அந்தத் தாயின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும், ஏனென்றால் அங்கே எதிர்த்துப் பேச ஆள் இல்லை. கடமையைச் செய்தீர்கள் என்று காட்ட உங்கள் கையிலும் ஒரு துண்டுத் தாள் இருக்காது.

பெயர் போட்டு எழுதினால் சட்டம் உங்களுக்கு ஒரு கவசம் தருகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது என்று 19-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது. பொய் என்று தெரிந்தே, கெடுக்கும் நோக்கத்தோடு தருகிற புகாருக்கு மட்டுமே தண்டனை. வழக்கு நிரூபணமாகாமல் போவது வேறு, பொய்ப் புகார் வேறு. மானநஷ்டச் சட்டத்திலும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு குற்றம் சாட்டுவதற்கு விலக்கு உண்டு. இந்தக் கவசம் காவல் நிலையத்தில் பேசுவதற்கு மட்டுமே. சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், ஆலய வாசலில் நின்று பேசினால், அது உங்களைக் காக்காது. அந்தப் பெண்ணின் அடையாளமும் வெளியாகிவிடும். அதை எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும் குற்றம்.

இந்தச் சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை

முதலில் மனைவியோடு பேசுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். மகள் எந்தத் தேதியில், என்ன வார்த்தைகளில் சொன்னாள்? குருவானவரிடம் எப்போது சொன்னீர்கள்? மூப்பர்கள் கூடியது என்று, யார் யார் இருந்தார்கள், குழுத் தலைவர் சொன்னது என்ன? ஊகங்களைக் கலக்காதீர்கள். 'கேள்விப்பட்டேன்' என்றால் யாரிடம் என்று சேர்த்து எழுதுங்கள். மூன்று வார தாமதத்தையும் மறைக்காமல், 'சபைக்குள் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள், பயந்திருந்தேன்' என்று உள்ளபடி எழுதுங்கள். 19-ஆம் பிரிவு மணிக்கணக்கில் கெடு வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் உங்கள் நிலையைப் பலவீனமாக்குகிறது.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். அந்தப் பெண்ணை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். அவள் பேசுவதைப் படம் பிடிக்கவோ பதிவு செய்யவோ வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள், நாளை குறுக்கு விசாரணையில் 'சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள்' என்பார்கள். குழுத் தலைவரைத் தனியே சந்தித்து எச்சரிக்கவே வேண்டாம். கைப்பேசிச் செய்திகள் அழிவதும், அந்தத் தாய்க்கு ஆள் அனுப்பப்படுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட எச்சரிக்கைக்குப் பிறகுதான் நடக்கும்.

அந்தத் தாயை நீங்களும் மனைவியும் சேர்ந்து போய்ப் பாருங்கள். மனைவி பேசட்டும். அனுமதி கேட்பதுபோல் பேசாதீர்கள், ஏனென்றால் தகவல் தெரிவிக்கப் பெற்றோரின் அனுமதி தேவையில்லை. அவர் தலையில் முடிவைச் சுமத்துவதும் நியாயமில்லை. 'சட்டப்படி நாங்கள் சொல்லியே ஆக வேண்டும், சொல்லப்போகிறோம், உங்களோடு இருப்போம்' என்று சொல்லுங்கள். மகளுக்கு வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், கைப்பேசியை அப்படியே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை என்றதும் அவர் அஞ்சக்கூடும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், தாய் உடனிருக்கலாம், சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது, சம்மதிக்காவிட்டாலும் புகார் நிற்கும் என்று விளக்குங்கள். தாயைப் பார்த்த அன்றே காவல் நிலையத்துக்கும் போய்விடுங்கள். இடையில் ஒரு இரவு விட்டால் ஊரே அவர் வீட்டில் கூடிவிடும்.

உங்கள் பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளருக்கு மனுவை எழுதி, இரண்டு பிரதிகளோடு போங்கள். பிள்ளைகள் இன்னும் அவரிடம் பயிற்சிக்குப் போகிறார்கள் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். தகவலுக்குப் பதிவு எண் கொடுத்து எழுத்தில் பதிந்து, அதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து 'விசாரித்துச் சொல்கிறோம்' என்றால், ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தை அணுகலாம். பதிவு செய்ய மறுக்கும் காவலரும் அதே 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியவர்தான். இதை மரியாதையாகச் சொன்னாலே பெரும்பாலும் பேனா எழுதத் தொடங்கும்.

1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் அந்தப் பெண்ணுக்கு உதவ இது வழி திறக்கும். ஆனால் அந்த அழைப்போடு உங்கள் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சட்டம் காவல்துறையைத்தான் குறிப்பிடுகிறது, ஆகவே எழுத்து மனு அவசியம்.

புகார் பதிவானதும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்வார். நலக் குழு ஓர் உதவியாளரை நியமிக்கலாம், அவர் வழக்கு முடியும்வரை குடும்பத்தோடு வருவார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். அந்தத் தாய்க்கு வழக்கறிஞர் செலவு என்ற பயம் இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞர் தரும். 15100-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். இடைக்கால இழப்பீட்டையும் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

உங்களுக்கு என்ன நேரலாம்

ஒன்றும் ஆகாது என்று பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். உதவிபெறும் பணியிடத்தில் இருப்பவரை வாய்மொழியாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உங்கள் விளக்கம், விசாரணை எல்லாம் நடக்க வேண்டும். ஆனால் ஒரே நிர்வாகத்தின் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றுவது அவர்களுக்கு எளிது, அதைத்தான் முதலில் செய்வார்கள் என்று எதிர்பாருங்கள். சின்னச் சின்னத் தவறுகளைப் பெரிதாக்கிக் குறிப்பாணை தருவார்கள். ஆகவே இந்த வாரமே பணி நியமன ஆணை, ஒப்புதல் ஆணை, பணிப்பதிவேட்டின் பக்கங்கள், விடுப்பு விண்ணப்பங்கள் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள ரொக்கக் கணக்கையும் கோப்புகளையும் பைசா பிசகாமல் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பழிவாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில்தான் கை வைப்பார்கள். எந்தக் குறிப்பாணைக்கும் கோபத்தில் உடனே பதில் எழுதாமல், வழக்கறிஞரிடம் காட்டிக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். புகாரின் தேதிக்குப் பிறகு வரும் ஒவ்வொரு நடவடிக்கையும் நீதிமன்றத்தில் உங்களுக்குச் சாதகமாகப் பேசக்கூடும். மொட்டைக் கடிதத்தில் இந்தப் பலன் கிடைக்காது.

மிரட்டல் வந்தால் தேதி, நேரம், வார்த்தைகளைக் குறித்து அன்றே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனு செய்யலாம். சபைப் பட்டியலிலிருந்து நீக்குவோம், திருவிருந்து இல்லை என்று சொன்னால், காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். ஒரு குழந்தைக்காகக் காவல்துறையிடம் உண்மை சொன்னதற்காக நீக்குகிறோம் என்று கையெழுத்துப் போட்டுத் தர எத்தனை பேர் முன்வருவார்கள்?

சிலர் உங்களோடு பேசுவதை நிறுத்துவார்கள். திருமண வீட்டில் உங்கள் வரிசையில் உட்கார மாட்டார்கள். இதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. சபையில் உங்களோடு நிற்கக்கூடிய ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரோ செவிலியரோ, மனுவைக் கொடுத்த உடனே பார்த்துப் பேசுங்கள். வேறு வீடுகளிலும் இதே செய்தி இதற்கு முன்பே தெரிந்திருக்கக்கூடும். ஒருவர் பெயர் போட்டு முன்னே வந்த பிறகு இரண்டாமவர் வருவது சுலபம்.

உங்கள் மகளைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரிவிக்கவில்லை என்று குழந்தைகளைத் தண்டிக்க முடியாது, சட்டமே அவர்களுக்கு விலக்குத் தருகிறது. அவளிடம் காவல்துறை பேச வேண்டி வரலாம். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், நீங்களோ மனைவியோ பக்கத்தில் இருக்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டிப் பயிற்சி கொடுக்காதீர்கள். 'உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்' என்பது போதும். நீங்கள் காவல் நிலையம் போகும் செய்தி வேறு யார் வாயிலிருந்தும் அவள் காதுக்குப் போகக் கூடாது. கிளம்புவதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.